கேளுங்க... மாமா இருக்கேன்!

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலிருந்து. எல்லாமே புத்தகம் பற்றியவை. ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களைப் படிக்கவிடாமல் 'படி, படி' என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா, அம்பத்தூர் ஓ.டி.: எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறான். என்ன செய்வது?

மூடி வைப்பது வாசகனின் பிறப்புரிமை. வேறு புத்தகம் கொடுங்கள். அதையும் மூடினால் அவனையே கடைக்குக் கூட்டிப் போங்கள். செருப்பு வாங்க அவன் காலோடு போகிறீர்கள். புத்தகம் வாங்க மட்டும் உங்கள் தலையோடு போனால் எப்படிம்மா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி, பூந்தமல்லி: பொன்னியின் செல்வன் படமே பார்த்தாச்சு. புத்தகம் எதுக்கு மாமா?

படம் இரண்டு பாகம், புத்தகம் ஐந்து பாகம். மீதி மூன்றை யார் பார்ப்பது?

கல்கி இதழில் 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கொக்கி போட்டு, அடுத்த வாரம் வரை ஊரையே தொங்கவிட்டார் அதை எழுதிய கல்கி. உனக்கு அந்தத் தவிப்பு இல்லை, பக்கத்தைத் திருப்பினால் போதும்.

இன்னொன்று கேள் பாப்பா. கதை தொடங்குவது ஆடிப் பதினெட்டு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில். இன்றைய வீராணம் ஏரிதான் அது. 2004-லிருந்து அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் போரூர் வரை வந்து சென்னைக்குப் போகிறது. வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தி வேடிக்கை பார்த்த ஏரி உன்னைத் தேடிப் போரூர் வரைக்கும் வந்துவிட்டது. நீ முதல் அத்தியாயம் வரைக்குமாவது போகக் கூடாதா?

ஒரு தாத்தா, திருமுல்லைவாயல்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதே இல்லையே?

நீங்கள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பேரன் கடைசியாக எப்போது பார்த்தான்?

பத்தாம் வகுப்பு மாணவன், ஆவடி: காமிக்ஸ் படித்தால் அப்பா திட்டுகிறார்.

முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி' 1972-ல் சிவகாசியிலிருந்து வந்தது. அதைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள் இப்போது தாத்தாக்கள். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதை ஒளித்தவர்களுக்கு இப்போது உன் அப்பா வயது. இரண்டும் இன்றைக்கும் வருகின்றன. ஒன்றை அப்பா கண்ணில் படும்படி வைத்துப் பார். திட்டு நின்றுவிடும். ஆனால் புத்தகம் உன் கைக்குத் திரும்பி வராது.

அவனுடைய தம்பி, ஐந்தாம் வகுப்பு: மாயாவி மாதிரி கரண்டைத் தொட்டால் நானும் மறைந்துவிடுவேனா?

மறைந்துவிடுவாய். திரும்பி வரத்தான் மாட்டாய். ஸ்விட்ச் பக்கம் போகாதே கண்ணு, அடுத்த பக்கத்தைத் திருப்பு.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, பட்டரவாக்கம்: நம்ம ஏரியாவில் நல்ல புத்தகமே கிடைப்பதில்லை. எல்லாம் தி.நகர், மயிலாப்பூர்தானா?

அம்பத்தூர் சிட்கோ எஸ்டேட்டில் லேத் பட்டறை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்களா? 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அங்கேதான் இருக்கிறது. மாஸ்கோவில் அச்சாகிக் கப்பலேறி வந்த தமிழ்ப் புத்தகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள். கெட்டி அட்டை, வண்ணப் படம், கொஞ்சம் காசு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அந்த ருஷ்யக் கதைகளில் பனியைப் பார்த்தது.

திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் உங்கள் பேட்டைக்குக் கடிதம் எழுதிப் புத்தகம் வாங்குகிறார்கள். நீங்கள் பஸ் ஏறித் தி.நகர் போகிறீர்கள்!

எட்டாம் வகுப்பு மாணவன், அயப்பாக்கம்: ஏ.ஐ.யிடம் கேட்டால் எந்தப் புத்தகத்துக்கும் ஒரு நிமிடத்தில் சுருக்கம் கொடுக்கிறதே மாமா?

கொடுக்கும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைச் சுருக்கச் சொல். 'ஒரு பெண், ஒரு ரோபோ நாய், ஒரு சர்வாதிகாரி' என்று வரும். எல்லாம் சரி. ஆனால் ஜீனோ என்கிற அந்த நாய் எதிர்த்துப் பேசும்போது வருகிற சிரிப்பு? அதை எந்த மெஷினும் சுருக்க முடியாது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. உன் ஏ.ஐ. பிறப்பதற்கு முன்பே அதற்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று அதனிடமே போய்ச் சொல்.

ஏழாம் வகுப்பு மாணவன், ஆவடி கார் ஷெட் பக்கம்: பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை.

ரயில் பெட்டிக்குள் வகுப்பு நடந்தால் போவாயா? டோக்கியோவில் அப்படி ஒரு பள்ளி இருந்தது. பெயர் தோமோயி. ஒன்றாம் வகுப்பிலேயே வேறொரு பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட டோட்டோ-சான் அங்கே வந்து சேர்ந்தாள். முதல் நாளே ஹெட்மாஸ்டர் கோபயாஷி அவளை உட்காரவைத்து, "உனக்கு என்னவெல்லாம் சொல்லத் தோன்றுகிறதோ சொல்" என்கிற மாதிரிக் காதைக் கொடுத்தார். நான்கு மணி நேரம். ஒரு கொட்டாவி கிடையாது.

அந்தச் சிறுமி வளர்ந்து, டி.வி. நட்சத்திரமாகி, 1981-ல் எழுதியதுதான் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. நாள் முழுக்க மின்ரயில் பெட்டிகளைப் பார்க்கிற நீ படிக்காமல் வேறு யார் படிப்பார்கள்? முடித்ததும் உங்கள் ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்துவிட்டு வா.

தமிழ் ஆசிரியை, பாடி: வாசிப்பு வேளையில் பிள்ளைகளை என்ன செய்யச் சொல்லலாம்?

வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் 'கதையின் நீதி யாது?' என்று கேட்காமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னப் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படியாகப் பிரித்து 2023-ல் கொடுத்தது. நல்ல ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்பாயிற்றே என்று ஓடச் சொல்லாதீர்கள். நடக்க விருப்பமுள்ள பிள்ளை நடக்கட்டும்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன் டீச்சர்: இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்ட ஒரு மாணவிக்கு என்ன நேர்ந்தது என்பதை அவளுடைய ஆசிரியை சொல்கிற சிறு நூல். வகுப்புக்குப் போவதற்கு முன்னால் படியுங்கள். அன்றைக்குப் பிரம்பைத் தொட மாட்டீர்கள்.

கவலையுள்ள அம்மா, காட்டுப்பாக்கம்: பன்னிரண்டு வயது மகளிடம் சில விஷயங்களைப் பேசக் கூச்சமாக இருக்கிறது. புத்தகம் உண்டா?

உண்டு. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. தப்பான தொடுதல் பற்றி, அதை யாரிடம் சொல்வது என்பது பற்றி, ஒரு மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியிடம் பேசுகிறது. பயமுறுத்தாமல் பேசுகிறது.

முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு மகளோடு உட்கார்ந்து படியுங்கள். மகன் இருந்தால் அவனுக்கும் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் 1098 என்று பேனாவால் எழுதி வையுங்கள். குழந்தைகள் உதவிக்கான இலவசத் தொலைபேசி எண். இந்தக் கேள்விக்கு மட்டும் மாமாவிடம் ஜோக் கிடையாது.

அதே தெருவிலிருந்து இன்னொருவர்: ஆண் பிள்ளைக்கு எதற்கு அந்தப் புத்தகம்?

இந்தக் கேள்விக்காகத்தான்.

ஒன்பதாம் வகுப்பு கிரிக்கெட் பையன், கொரட்டூர்: கிரிக்கெட் வருகிற கதை இருக்கா?

ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் சிநேகிதர்களும்'. ஆங்கிலத்தில் 1935-ல் வந்தது. எழுதியவர் பிறந்து வளர்ந்தது நம்ம புரசைவாக்கத்தில். கதையில் பசங்க எம்.சி.சி. என்று டீம் ஆரம்பிக்கிறார்கள், மால்குடி கிரிக்கெட் கிளப். மவுண்ட் ரோடு பின்ஸ் கடைக்கு பேட், பந்து கேட்டுக் கெத்தாகக் கடிதம் போடுகிறார்கள். கடைக்காரர்கள் முன்பணம் கேட்டு எழுதுகிறார்கள். வேறு யாருக்கோ வந்த கடிதம் போலிருக்கிறது என்று பசங்க அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்!

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாயகனும் கிரிக்கெட் ஆடுகிறவன்தான். ஆனால் அது 1947, 48-ல் செகந்திராபாத் பற்றி எரிந்த கதை. பதினொன்றாம் வகுப்புக்கு வா, நானே எடுத்துத் தருகிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி, திருநின்றவூர்: பரீட்சை பயத்துக்குப் புத்தகம் உண்டா மாமா?

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்டில் கிளம்பி நேராக வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைக் கொண்டுபோய் வானத்தில் வைத்தது. நடுவில் ஒரு வருஷம். அந்தப் பகுதியை ரிசல்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி படி. வீட்டில் இருப்பவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், திருவேற்காடு: சாதி பற்றிச் சமூக அறிவியலில் இரண்டு பத்திதான் இருக்கிறது. மேலே தெரிந்துகொள்ள?

அம்பேத்கர் தன் வாழ்க்கையை எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. மெலிந்த புத்தகம், தமிழிலும் படிக்கலாம். 1901-ல் சிறுவன் பீமாராவ் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிறான். புதுச் சட்டை, அளவில்லாத சந்தோஷம். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். 'நீங்கள் யார்?' என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கிறார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரன் ஏற்ற மறுக்கிறான். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. உன்னைவிடச் சின்னப் பையன் தம்பி அவன். பாடப் புத்தகம் தராததை இந்த ஒரு ராத்திரி தரும்.

அவசரக்காரன், முகப்பேர்: சின்னதாக, ஒரே உட்காரலில் முடிகிற மாதிரி?

'குட்டி இளவரசன்'. பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தது, க்ரியா வெளியீடு. ஒரே உட்காரலில் முடித்துவிடுவாய். மறுபடி உட்காருவாய்.

துப்பறியும் பிரியை, அம்பத்தூர்: ஷெர்லாக் ஹோம்ஸ் முடிச்சாச்சு. அடுத்து?

தேவனின் 'துப்பறியும் சாம்பு'. ஹோம்ஸுக்கு மூளை இருந்ததால் ஜெயித்தார். சாம்பு ஜெயிப்பதைப் பார், அதுதான் சாமர்த்தியம்.

பார்வையற்ற மாணவரின் அக்கா, கரையான்சாவடி: தம்பிக்குப் பாடப் புத்தகம் கிடைக்கிறது. கதைப் புத்தகம்?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கான பிரெயில் பாடநூல்கள் அச்சாவதே உங்கள் பூந்தமல்லியில்தானே! பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் உங்கள் டிரங்க் ரோட்டில்தான். போய்க் கதைப் புத்தகம் கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். யாரும் கேட்காத புத்தகம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு தனியாகவே இருக்கிறது.

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்: லூயி பிரெயில் அந்த ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கியபோது அவருக்கு வயது 15.

ஏழாம் வகுப்பு மாணவி, ஆவடி: கோட்டூர்புரம் ரொம்பத் தூரம் இல்லையா மாமா?

உட்கார்ந்துகொண்டே போகிற தூரம்தான். மின்ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம், கொஞ்சம் நடந்தால் பார்க் டவுன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம். சொந்தப் புத்தகம் கொண்டுபோயும் படிக்கலாம். குழந்தைகள் பிரிவில் ஒரு பெரிய மரமே நிற்கிறது.

நீ முதல் ரயிலைவிட்டு இறங்குகிற மூர் மார்க்கெட் இருக்கிறதே, 1985-ல் தீயில் போகும் வரைக்கும் சென்னையின் பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் இருந்தன. அரைக் காசுக்கு அறிவு வாங்கிய இடம். பிளாட்பாரத்தில் பார்த்து நட.

பொறுமை இழந்தவர், ஆவடி காமராஜ் நகர்: எல்லாம் பழைய ஆட்களாகவே சொல்கிறீர்கள். புதிதாக யாரும் எழுதவில்லையா?

எழுதுகிறார்கள். நீங்கள்தான் வாங்கவில்லை. பால சாகித்திய விருது வரிசையைப் பாருங்கள்: 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடிக்குள் கூட்டிப் போகும். 2024-ல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்'. 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. இமயமலைப் பக்கம் போக வேண்டுமா, ஜெயமோகனின் 'பனிமனிதன்'. அறிவியல் வேண்டுமா, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் 1987-லிருந்து வருகிறது. சமோசா விலை தெரிகிற அளவுக்குச் சந்தா விலையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, மாங்காடு: இவ்வளவு புத்தகத்துக்கும் காசுக்கு எங்கே போவது?

காசை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் தாயி. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது நம்ம மாநிலத்தில், 1948-ல். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. கிளை நூலகத்தில் இருப்பது உங்கள் பணத்தில் வாங்கிய புத்தகம். கல்கி போன்றவர்களின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்திலும் இலவசமாகப் படிக்கலாம். 'மதுரைத் திட்டம்' 1998-லிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது.

ஆனாலும் பிள்ளையை நேரில் கூட்டிப் போய் அவன் பேரில் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். எந்தப் புத்தகத்தை எடுக்கிறான் என்று எட்டிப் பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பல கிளை நூலகங்களுக்கு அன்றுதான் விடுமுறை.