சூறை விட்ட படம்

கேள்வி: அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தில் நான் எடுத்த படங்களை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று இணையத்தில் போட ஆசை. எந்த உரிமம் வைக்கலாம்?
– வாசகர், மேல்மலையனூர்

பதில்: ‘சும்மா எடுத்துக்குங்க’ என்று வாயால் சொன்னால் போதாது. நீங்கள் பேசாமல் இருந்தாலும், இந்தியச் சட்டப்படி உங்கள் ஆயுளுக்கும் அதற்கு மேல் 60 ஆண்டுக்கும் படத்துக்குக் காப்புரிமை உண்டு. அந்தப் பூட்டைத் திறக்கத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்கள் என்னும் சாவிகள், 2002 முதல்.

‘என் பெயரைச் சொன்னால் போதும்’ என்பது சிசி பிஒய். ‘பெயரையும் சொல், மாற்றி வெளியிட்டால் நீயும் இப்படியே கொடு’ என்பது சிசி பிஒய்-எஸ்ஏ. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் இந்த வகை. ‘காசு பார்க்கக் கூடாது’ என்று என்சி சேர்த்தால், திருவிழாக் காலண்டர் அடிக்கும் அச்சகக்காரர் தயங்குவார். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸும் வாங்காது.

என் ஓட்டு பிஒய்-எஸ்ஏவுக்கு. ஒன்று மட்டும்: கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் ஊர் மயானக் கொள்ளைத் திருவிழாவில் கூட்டத்துக்குள் சூறை விட்ட காசை யாராவது திருப்பிக் கேட்டதுண்டா? மனசு வந்தால் மட்டும் வீசுங்கள்!