கேச் பெட்டியின் புறனடை இயல்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், ஒருமுறை வந்த வலைப்பக்கத்தைப் பதுக்கி வைத்து, அடுத்துக் கேட்பவருக்குத் தன் கையிருப்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் கேச் பெட்டியிடம் 'இதில் மட்டும் நீ தலையிடாதே' என்று சொல்லும் பைபாஸ் விதிகளை உணர்த்துதல் நுதலிற்று.

பைபாஸ் மூவகைப்படும். 'வாங்கிக் கொடு, சேமிக்காதே' என்பது ஒன்று. 'மேலே இருக்கும் பெட்டியைக் கேட்காமல் நேரே போய் வாங்கு' என்பது இன்னொன்று. இரண்டையும் ஸ்க்விட் என்னும் கேச் மென்பொருளின் கான்ஃபிக் கோப்பிலேயே எழுதலாம். ஆனால் இரண்டிலும் பாக்கெட் பெட்டிக்குள் புகுந்துதான் போகிறது; கடைத்தெரு நடுவே ஓடும் சாலைக்குப் புறவழிச்சாலை என்று பலகை வைத்த கதை. வாசலையே மிதிக்காமல் போவது மூன்றாவது. பெட்டி கேட்வேயிலேயே இருந்தால், அதை லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் எழுத வேண்டும். ஆய்வுக்குரியது இதுவே.

சான்று எங்கள் அலுவலகத்தில் கிடைத்தது. அக்கவுண்ட்ஸ் அக்கா வந்து, "தம்பி, லீவு லிஸ்ட்டை நேத்தே மாத்திட்டேன். எல்லாருக்கும் பழசுதான் தெரியுது" என்றார். காலாவதி குறிக்காத பக்கம், திருத்திப் பத்து நாள் ஆனது என்றால், அதில் 20 சதவீதம், அதாவது 2 நாள், அதைப் புதிது என்றே கொள்வது ஸ்க்விட்டின் வழக்கமான கணக்கு. வடைக்கு இந்தக் கணக்கைப் போட எந்த டீக்கடைக்காரருக்கும் துணிவு வந்ததில்லை.

லீவு லிஸ்ட் இருக்கும் உள் சர்வருக்கு ஐபிடேபிள்ஸில் விலக்கு எழுதினேன். பயனில்லை. ரீஸ்டார்ட் செய்தேன். அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். விதிப் பட்டியலை விரித்தால், என் விதிக்கு நேரே பாக்கெட் எண்ணிக்கை 0.

தொல்காப்பியத்தில் பல இயல்களின் கடைசியில்தான் புறனடை வரும். அந்தத் தமிழ்ப் புத்தியில் நானும் கடைசியில் வைத்துவிட்டேன். ஐபிடேபிள்ஸோ மேலிருந்து கீழே படிக்கும். '80ஆம் போர்ட்டுக்குப் போவதையெல்லாம் பெட்டிக்குத் திருப்பு' என்ற பொதுவிதி மேலே இருந்ததால், அதோடு வாசிப்பு முடிந்துவிடும். நான் கட்டளையில் இட்டது 'ஏ'. அது விதியை வாலில் ஒட்டும். இட்டிருக்க வேண்டியது 'ஐ'. அது தலையில் செருகும். ஓரெழுத்து ஒருமொழிகளில் ஏ என்றால் அம்பு, ஐ என்றால் தலைவன். ஆங்கில எழுத்துகளுக்கு இந்தப் பொருள் தெரிந்திருக்க நியாயமில்லை என்று மறுப்போர் உளர். அவர்கள் ஆராய்ச்சிக்கு ஆகாதவர்கள்.

'ஐ' இட்டதும் லீவு லிஸ்ட் புதிதாக வந்தது. கீழே ஒட்டிய பழைய விதியை நான் அழிக்கவில்லை. அதன் எண்ணிக்கை இன்றும் 0.