மழைக் கணக்கும் மாணவன் தரமும்

கேள்வி: நிரலாக்கத் தேர்வில் தொண்ணூறு மதிப்பெண் வாங்கியவன், சொந்தமாக ஒரு நிரல் எழுதச் சொன்னால் திகைக்கிறானே, ஏன்?

பதில்: தேர்வுத்தாள் எதைக் கேட்டதோ அதைத்தான் அவன் கொடுத்திருக்கிறான், யாப்பிலக்கணச் சூத்திரங்களை மனனம் செய்தவனிடம் திடீரென்று வெண்பா ஒன்று பாடித் தா என்றால் அவன் திகைக்காமல் என்ன செய்வான்? 2001-ஆம் ஆண்டில் ஆய்வாளர் மைக்கேல் மெக்ராக்கன் குழுவினர், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிரலாக்கத்தின் முதற்பாடம் பயின்ற 216 மாணவர்களை நிரல் எழுதச் சொல்லிச் சோதித்தபோது, 110-க்கு அவர்களுடைய சராசரி 23-ஐக்கூட எட்டவில்லை. யேல் பல்கலைக்கழகத்து எலியட் சோலோவே கொடுத்த மழைக் கணக்கையே பாருங்களேன்: மழையளவுகளை ஒவ்வொன்றாக வாங்கி, 99999 என்ற எண் வந்ததும் நிறுத்தி, சராசரியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நிறுத்தக் குறியாக வந்த அந்த எண்ணையும் மழையென்று கூட்டிவிடுகிறவன் ஒருவன். ஓர் அளவுகூட வராதபோது பூஜ்யத்தால் வகுக்கப் புகுகிறவன் மற்றொருவன். முன்னவனுக்குச் சுற்றின் கிரமம் புரியவில்லை. பின்னவனுக்கோ கிரமம் தெரியும், முன்யோசனைதான் போதாது. இவ்விருவருக்கும் ஒரே மதிப்பெண் போடும் ஆசிரியர், பரீட்சை நடத்தினாரேயன்றி மாணவனைப் பரிசீலிக்கவில்லை. ஆகவே ஆசிரியப் பெருமக்களே, திரையில் வந்த விடையோடு திருப்தியடையாமல், அவன் எழுதிய நிரலையே அவன் முன் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் யாதென்று அவன் வாயாலேயே சொல்லச் செய்து, அதன் பிறகு மதிப்பெண் போடுங்கள்.