திண்டிவனத்தில் குதிரை ஓட்டுவது எப்படி: ஸ்பைரல் பைண்டிங் வரை முழு வழிகாட்டி

புராஜெக்ட் தலைப்பு தேர்ந்தெடுக்கச் சொல்லி நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய அரை மணி நேரத்துக்குள் நூலக மேலாண்மை போய்விடும். அடுத்து பஸ் முன்பதிவு, அதற்கடுத்து மருத்துவமனை டோக்கன். கேன்டீனில் டீ குடித்துவிட்டு நிதானமாக வந்த குழுவுக்கு மிஞ்சுவது கடைசி வரி: ‘குதிரைப் பந்தய அட்டவணைத் திட்டமிடல், மையங்கள் விழுப்புரம் மற்றும் திண்டிவனம்.’ யார் இந்தத் தலைப்பை எழுதியது என்று விசாரிக்காதீர்கள். எல்லாத் துறையிலும் இப்படி ஒரு தலைப்பு வருடா வருடம் பட்டியலின் அடியில் இருக்கும். இந்த வருடம் அது உங்களுக்கு.

குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று கலங்க வேண்டாம். நம் மாவட்டத்தில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. ஊர் எல்லைக்கு எல்லை ஐயனார் கோயில் வாசலில் மண் குதிரைகள் நிற்கின்றன. கொள்ளு கேட்பதில்லை, லாடம் கேட்பதில்லை, ஸ்கோர் போர்டைப் பார்த்துக் கோபித்துக்கொள்வதும் இல்லை. புராஜெக்ட் அளவுக்கு அந்தப் பழக்கம் போதும்.

முதலில், குதிரைப் பந்தயம் என்றால் குதிரை ஓடுவது என்ற எண்ணத்தை விட்டொழியுங்கள். 1200 மீட்டர் ஓட்டம் ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஏழு பந்தயம் என்று வைத்தாலும், குதிரைகள் ஓடுகிற நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான் வரும். ஆனால் மதியம் முழுக்கப் போய்விடுகிறது. எப்படி? பந்தயத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவில் ஏறக்குறைய அரை மணி நேரம். ஜாக்கியைச் சேணத்தோடு தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும். குதிரையைப் பேடாக்கில் சுற்றிக் காட்ட வேண்டும். பார்த்தவர்கள் கவுன்டருக்கு ஓடிப் பணம் கட்ட வேண்டும். குதிரைகள் கேட்டுக்கு நடந்து போய் உள்ளே நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்க வேண்டும். ஓடி முடித்ததும் மறுபடி தராசு, யாராவது ஆட்சேபம் சொன்னால் அதற்கு விசாரணை. இதில் பந்தயம் நடத்துகிற ரேஸ் கிளப்புக்கு வருமானம் வருவது அந்தக் கவுன்டர் நேரத்தில்தான். மும்பையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் அதே நாளில் பந்தயம் நடந்தால் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் நேரத்தைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருப்பவர் அங்கேயும் கட்டுவார். ஆகவே நீங்கள் போடப்போவது கவுன்டருக்கான அட்டவணை. குதிரை அதில் ஓர் இடைவேளை.

இதை அப்ஸ்ட்ராக்டில் இப்படியே எழுதிவிடாதீர்கள். ‘வருவாய் உகப்பாக்கம்’ என்று எழுதுங்கள். கைடு தலையாட்டுவார்.

அடுத்தது தரம் பிரிப்பது. எந்தக் குதிரையும் எந்தப் பந்தயத்திலும் ஓடலாம் என்றால் நல்ல குதிரை ஒன்றே எல்லாப் பரிசையும் வாங்கிக்கொண்டு போய்விடும், இரண்டாவது வாரம் கூட்டம் வராது. அதனால் ஹேண்டிகேப்பர் என்று ஓர் அதிகாரி உட்கார்ந்து குதிரைக்குக் குதிரை மதிப்பெண் போடுகிறார். 20 முதல் 45 வரை ஒரு வகுப்பு, 40 முதல் 65 வரை அடுத்த வகுப்பு, 60 முதல் 85 வரை அதற்கு மேல் என்று சென்னை கிண்டியின் பந்தய அட்டைகளில் பார்க்கலாம். மதிப்பெண் கூடக் கூட முதுகில் எடை கூடும். நன்றாக ஓடியதற்குப் பரிசு, அடுத்த முறை கூடுதல் சுமை. அரசு அலுவலகத்தில் வேலை செய்கிற உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால் இந்த ஏற்பாட்டை விளக்கச் சொல்லுங்கள், நன்றாகவே விளக்குவார்.

இங்கேதான் பல குழுக்கள் வழுக்கி விழும். 42 மதிப்பெண் வாங்கிய குதிரை எந்த வகுப்பு? இரண்டிலும் ஓடலாம். உங்கள் டேட்டாபேஸில் ஒரு குதிரைக்கு ஒரு வகுப்பு என்று டேபிள் போட்டிருந்தால் அன்றைக்கே அது படுத்துவிடும். ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த குதிரைகள் அளவுக்கு மீறினால் அதை முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று உடைக்க வேண்டும். அப்போது ஏழு பந்தயம் எட்டாகும், மாலை வெளிச்சம் போதாது. குறைந்தால் பந்தயமே ரத்து. ஞாயிறு ஓடிய குதிரை புதன்கிழமை ஓடாது. வயது கணக்கிடுவது மட்டும் சுலபம்: இந்தியாவில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம்மூர்த் தலைமையாசிரியர்கள் ஒரு தலைமுறையையே ஜூன் மாதத்தில் பிறக்க வைத்தார்களே, அந்த ஏற்பாடுதான்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ரெடிமேட் புராஜெக்ட் வாங்கிவிடலாமே என்று குழுவில் ஒருவர் சொல்வார். வாங்குங்கள். ஆனால் ஆஸ்திரேலியக் கல்லூரியில் யாரோ செய்ததை வாங்கி, ‘மெல்போர்ன்’ என்று வருகிற இடமெல்லாம் ‘மேல்மலையனூர்’ என்று கம்ப்யூட்டரை விட்டு மாற்றச் சொல்வதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். மெல்போர்ன் கோப்பை நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கிறது, அன்று அந்த நகரத்துக்கே விடுமுறை. உங்கள் அறிக்கையில் நவம்பர் முதல் செவ்வாய் மேல்மலையனூருக்கு அரசு விடுமுறை என்று வந்து நிற்கும். எக்ஸ்டர்னல் செஞ்சிக்காரராக இருந்துவிட்டால் தொலைந்தது.

மேல்மலையனூர் என்றதும் காலண்டரை எடுங்கள். அமாவாசையில் பந்தயம் வைக்காதீர்கள். அன்று ராத்திரி அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கே பஸ் போதாது, உங்கள் பார்வையாளர்கள் எதில் வருவார்கள்? பௌர்ணமியிலும் கூடாது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று எந்த பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் அன்று எல்லாக் கால்களும் திருவண்ணாமலைப் பக்கம் திரும்பியிருக்கும். கிண்டியில் முக்கிய சீசன் குளிர்காலத்தில், வெயில் ஏறியதும் 2024 வரை ஊட்டியில். அதைப் பார்த்து நீங்களும் நவம்பரில் தொடங்கிவிடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மயிலம் உங்கள் இரண்டு மையங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கோடையில் வைக்கலாமா என்றால், மே மாதத்து விழுப்புரத்தை ஓர் அரபிக் குதிரை தாங்கலாம், பார்வையாளர் தாங்க மாட்டார். கழித்துக் கழித்துப் பார்த்தால் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் நடுவரை சில ஞாயிற்றுக்கிழமைகள் தேறும். அதற்குள் இன்டர்னல் தேர்வு வந்துவிடும்.

மைதானம்? கோடையில் காய்ந்த ஏரி நல்ல இடம் என்று உங்களுக்குத் தோன்றும். அரசுக்கும் அப்படியேதான் ஏதாவது தோன்றிக்கொண்டிருக்கிறது, வரிசையில் நில்லுங்கள். மரக்காணம் பக்கம் கழுவேலி பரந்து கிடக்கிறதே என்றால், அது 2021-இல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. தேசிய நெடுஞ்சாலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நேராக ஓட்டிவிடலாம் என்ற யோசனையும் வரும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் இல்லாத குதிரையை என்ன செய்வார்கள் என்று சோதிக்க வேண்டாம். தெற்கே சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தைச் சாலையிலேயே நடத்துகிறார்கள். அங்கே அட்டவணை என்பது ஒரே ஒரு போஸ்டர்: பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு, போக வர இத்தனை மைல், முதல் பரிசு உபயம் இன்னார். கிலோமீட்டர் வந்து இத்தனை காலமாகியும் அந்த மைல் மட்டும் மாறவில்லை. போஸ்டர் ஒட்டினால் இன்டர்னல் மார்க் கிடைக்காது என்பதால் நீங்கள் அதைப் பின்பற்ற முடியாது.

இனி அறிக்கையின் முக்கியமான அத்தியாயம். பெரும்பாலோர் இதை எழுதுவதே இல்லை. குதிரைப் பந்தயத்தை நிறுத்துவது எது? மழையா, குதிரைக் காய்ச்சலா? தமிழ்நாட்டு வரலாற்றைப் பாருங்கள். கிண்டியில் 1777-லிருந்து பந்தயம் என்பார்கள், மதராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. 1974-இல் அரசு பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள 1986-இல் போட்ட சட்டமும் அதோடு போயிற்று. அறத்தை முன்னிறுத்திய சட்டத்தால் 22 வருடத்தில் ஒரு குதிரையையும் நிறுத்த முடியவில்லை.

நிறுத்துகிற அளவுக்கு வந்தது வாடகைப் புத்தகம்தான். கிண்டியில் 160.86 ஏக்கரை 1945-இல் 99 வருடக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். பிறகு அரசு உயர்த்திய வாடகையைக் கிளப் ஏற்கவில்லை. பாக்கி 730.86 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜூனில் 822 கோடி பாக்கிக்காக ஊட்டி மைதானத்தின் 52.34 ஏக்கரை வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டிக் குத்தகையும் ரத்தாகி வாசலுக்குச் சீல் வந்தது, கிளப் மறுபடி நீதிமன்றப் படி ஏறியது. எவ்வளவு நுணுக்கமாகச் சீசன் போட்டிருப்பார்கள், எந்தக் குதிரைக்கு எத்தனை கிலோ என்று அரைக் கிலோ சுத்தமாகப் பார்த்திருப்பார்கள்! தாசில்தார் என்ற பெயரில் ஒரு கட்டம் அந்த அட்டவணையில் இல்லை.

இது கிண்டிக் கதை, எங்களூருக்கு எதற்கு என்று எக்ஸ்டர்னல் கேட்டால் தயங்காமல் செஞ்சிக்கு வாருங்கள். திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற, 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை. பின்னாளில் அந்தக் கோட்டையை ஆண்ட தேசிங்கு, டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறுவனாக இருந்தபோதே அடக்கினான் என்கிறது கதைப்பாடல். அவன் ஏறியது பாராசாரி, நண்பன் மகபத்கான் ஏறியது நீலவேணி. தமிழ் நாட்டார் கதைகளில் இவ்வளவு நல்ல குதிரைகள் வேறு இல்லை. ஆனால் சண்டை எதற்கு வந்தது? ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டது கப்பப் பாக்கி. தேசிங்கு தர மறுத்தான். 1714 அக்டோபரில், ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாமல், இளம் வயதில் களத்தில் விழுந்தான். பாராசாரியின் வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

எனவே உங்கள் டேட்டாபேஸில் குதிரை, ஜாக்கி, பந்தயம் என்ற டேபிள்களுக்கெல்லாம் முன்னால் ‘நிலுவை’ என்று ஒரு டேபிள் போடுங்கள். நிலம் யாருடையது, குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது, பாக்கி எவ்வளவு, கடைசி நோட்டீஸ் எப்போது வந்தது. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மென்பொருள் ஒரு பந்தயத்தைக்கூட அட்டவணையில் ஏற்றக் கூடாது. இதுவரை எந்த ரேஸ் கிளப்பும் செய்யாத கண்டுபிடிப்பு என்று முடிவுரையில் நீங்கள் தாராளமாக மார்தட்டிக்கொள்ளலாம்.

வைவாவில் கோட் யார் எழுதியது என்று கேட்டால் எல்லோரும் ஒரே ஆளைப் பார்க்காதீர்கள். அறிக்கையை மூன்று பிரதி எடுங்கள், அட்டையில் பாயும் குதிரைப் படம் வேண்டாம், கலர் பிரிண்டுக்குத் தனிக் காசு கேட்பார்கள். அதற்கும் முன்னால் பஸ் ஃபீஸ், நூலக அபராதம், லேபில் உடைத்த பொருளுக்கான தொகை எல்லாவற்றையும் கட்டி நோ டியூ சான்றிதழில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆபீஸ் கவுன்டர் மதியம் மூன்று மணியோடு மூடிவிடும்.