ரப்பருக்கு என்னடா தெரியும்?

வாடா பேராண்டி, இந்தக் கட்டில்ல உக்காரு. அந்த ரெக்கார்டு நோட்டை இப்படிக் குடு. பெண்டுலம் ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபுடிச்சியாமே, எவ்வளவு வந்துச்சு? 980-ஆ? ஆறு நீளத்துக்கும் 980-ஏவா? அடேயப்பா! நம்ம பசுமாடுகூட இன்னைக்குக் கறந்த அளவு நாளைக்குக் கறக்காது. உன் ஊசல் மட்டும் சொன்ன பேச்சு கேட்டு ஆடியிருக்கு. கையைக் குடுடா, கண்ணுல ஒத்திக்கிறேன்.

முறைக்காத. முப்பது வருசம் காலேஜ் லேபுல அட்டெண்டரா இருந்தவன் நான். குண்டுக்கு நூல் கட்டிக் குடுத்ததே இந்தக் கைதான். அங்க ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்துச்சு. நாப்பது செகண்டுல ரெண்டு செகண்டு கண்ணசந்துரும். அதை வச்சு ஒரு மீட்டர் நூலுக்கு இருபது அலைவு ஒழுங்கா எண்ணினா 1080-க்கு மேல வரணும். வருசா வருசம் பசங்க அந்த வாட்சைத்தான் வாங்கிட்டுப் போனாங்க. வருசா வருசம் 980-தான் வந்துச்சு! வாட்ச் தூங்கினாலும் ரெக்கார்டு நோட்டு தூங்கலடா. விடையை மொதல்ல எழுதிக்கிட்டு, அதுக்கு ஏத்த நேரத்தைப் பின்னால நிரப்புறது. மாப்பிள்ளையை முடிவு பண்ணிட்டு ஜாதகம் எழுதுற கதை.

ஒரே ஒரு பொண்ணு மட்டும், “சார், 1087 வருது”ன்னு போய் நின்னுச்சு. சார் நிமிந்துகூடப் பாக்கல. “திரும்பச் செய்ம்மா.” செஞ்சுச்சு. திரும்பவும் அதே. மூணாவது தடவை ஊசலைத் தொடல, ரப்பரைத் தொட்டுச்சு. 980. பத்துக்குப் பத்து! சாரையும் குத்தம் சொல்ல முடியாது. நாப்பது பேரு, மூணு மணி நேரம், அடுத்த வாரம் எக்ஸ்டர்னல் வர்றாரு. அவரு என்ன செய்வாரு?

ஆனா நெசமான ஆராய்ச்சியில எக்ஸ்டர்னலுக்கே விடை தெரியாதுடா. அங்கதான் கூத்தே.

2011-ல செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துலருந்து நியூட்ரினோங்கிற துகளை அனுப்பி, 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில கிரான் சாஸோ மலைக்கடியில புடிச்சாங்க. அது வெளிச்சத்தை விட 60 நானோசெகண்டு முந்தி வந்து நிக்குது. ஐன்ஸ்டீனுக்கே சவால்! நீயா இருந்தா ரப்பரைத் தேடியிருப்ப. அவங்க மாசக்கணக்கா கோளாறைத் தேடினாங்க. கிடைக்கல. “எங்க தப்புன்னு எங்களுக்குத் தெரியல, நீங்களும் பாருங்க”ன்னு உலகத்தையே கூட்டி வச்சுச் சொன்னாங்க. கடைசியில பாத்தா, ஒரு ஃபைபர் ஒயரைச் சொருகின இடம் சரியா இறுகல. நம்ம பம்புசெட்டு வியாதிதான்! சிரிச்சவங்க சிரிச்சாங்க. ஆனா அந்த லூசு ஒயரைத் தேடிப் புடிச்சதும் அவங்களேதானே?

இன்னொண்ணு கேளு. 1964-ல அமெரிக்காவுல நியூஜெர்சிப் பக்கம் பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேரு. கொம்பு வாத்தியம் மாதிரி ஒரு பெரிய ஆண்டெனா வச்சிருந்தாங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘உஸ்ஸ்’ன்னு ஒரு இரைச்சல். ராத்திரி பகல்னு இல்ல, கோடை குளிருன்னு இல்ல. நியூயார்க் பட்டணத்து இரைச்சலோன்னு பாத்தாங்க. இல்ல. உள்ள புறா குடியிருந்துச்சு. அதை வெரட்டிட்டு, எச்சத்தையெல்லாம் வழிச்செடுத்தாங்க. ஆமாடா, அவ்வளவு படிச்சவங்கதான், கூச்சப்படாம வழிச்சாங்க! அப்பவும் இரைச்சல் போகல. அது அண்டம் பொறந்தப்ப இருந்த சூட்டோட மிச்சம்னு அப்புறந்தான் வெளங்குச்சு. 1978-ல நோபல் பரிசு. புறா எச்சம் வழிச்சதுக்கு உன் சிலபஸ்ல எத்தனை மார்க்குடா?

இப்ப யோசி. ஒண்ணு லூசு ஒயர், இன்னொண்ணு அண்டத்தோட பொறப்பு. வாசல்ல வந்து நிக்கும்போது ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி: ‘ஒத்துவராத ரீடிங்’. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு விசாரிச்சாத்தான் யாருன்னு தெரியும். ரப்பருக்கு என்னடா தெரியும்? அது ரெண்டையும் ஒரே தேய்ப்புல தேச்சுரும்.

அதனால தாத்தா சொல்றதைக் கேளு. அடுத்த தடவை 1087 வந்தா, அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டாப்வாட்சையும் உன் செல்போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு நிமிசம் ஓட்டிப் பாரு. நூலைத் திரும்ப அள. குண்டோட நடுவரைக்கும் அளந்தியா, கொக்கியோட நிறுத்திட்டியான்னு பாரு. என்ன பாத்தேன்னு ஒரு வரி எழுது. மார்க்கு குறைஞ்சா குறையட்டும், தாத்தா வடை வாங்கித் தர்றேன்.

என்ன கேக்குற? வாட்ச் கோளாறுன்னு அந்தப் பொண்ணுகிட்ட நான் ஏன் சொல்லலையா?

சொன்னா, “இத்தனை வருசமா ஏன்யா ரிப்பேருக்கு அனுப்பல”ன்னு என்னையில்ல புடிப்பாங்க? என் பையிலயும் ஒரு ரப்பர் இருந்துச்சுடா.