ரியூசன் வாத்தியார் லட்சணம்

சங்க நூல்களின் காலத்தைப் பற்றியும், சமய குரவர்களுள் முந்தியவர் யார் என்பதைப் பற்றியும் வேண்டிய மட்டும் வாதித்துக் களைத்துப்போன நம்மவர், மண்டைதீவிலே எட்டாம் தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பரிவுள்ள ஒரு ரியூசன் வாத்தியாரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்ற கேள்வியை மட்டும் இன்றுவரை தொடாமலே விட்டிருப்பது, தமிழாராய்ச்சி உலகத்துக்கு நேர்ந்த ஒரு பெருங்குறை என்றே கருதுகிறேன். அக்குறையை நிவர்த்திக்கப் புகுந்த இக்கட்டுரை, சைவ சித்தாந்திகள் ஒப்பும் பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்னும் மூன்று பிரமாணங்களையே துணைக்கொண்டு நடக்கும். ஆயினும், மூன்றனுள் ஆகமம் ஒன்றே காசு செலவில்லாமல் வீட்டு அலுமாரியில் கிடைப்பதாகலின், கடைசியாக வைத்து எண்ணப்படுவதை முதலாவதாக எடுத்துக்கொள்வதற்கு வாசகர்கள் மன்னிப்பார்களாக.

ஆகமத்துக்கு முன்னே பூர்வபட்சம் ஒன்று குறுக்கே நிற்கிறது. கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையிலே பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் ஈறாகக் கல்வி இலவசமாயிருக்க, மாதந்தோறும் சம்பளம் கொடுத்து இன்னொருவரிடம் அதையே படிப்பானேன் என்பது அது. இதற்குச் சமாதானம் எளிது. பள்ளிக்கூடம் இலவசம், பல்கலைக்கழகமும் இலவசம், இரண்டுக்கும் நடுவே கிடக்கும் உயர்தரப் பரீட்சை என்ற கடவை மட்டும் இலவசமன்று. பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், அதன் பின் நிலைத்த மாவட்டக் கோட்டாவும், இந்த நூற்றாண்டில் வந்துசேர்ந்த இசட் புள்ளியும் யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் நித்திரையைக் கெடுத்த அளவுக்கு வேறெந்த அரசியற் சட்டமும் கெடுத்ததில்லை. இதிலே தீவகத்துக்கு விசேஷமான ஒரு வருத்தமும் உண்டு. மண்டைதீவும் நெடுந்தீவும் நயினாதீவும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடங்குவதால், நெடுந்தீவுப் பிள்ளை படகேறி வந்து போட்டியிடுவது நகரத்தின் நடுவில் நாலு ரியூட்டரிகளுக்கு மத்தியிலே பிறந்து வளர்ந்த பிள்ளையோடேயாம்.

மண்டைதீவின் நிலைமையோ இன்னும் விநோதமானது. நகரத்துக்கு அது தூரமுமன்று, கிட்டவுமன்று. கடலேரிக்கு அப்பால் நகரத்து விளக்குகள் இரவில் தெரியும். பண்ணைத் தாம்போதியால் ஏறி, மண்டைதீவுச் சந்தியில் திரும்பினால் ஊர் வந்துவிடும். இத்தனை கிட்ட இருப்பதுதான் கேடு. படிப்பிக்கும் ஆசிரியர்களிற் பலர் காலையில் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மணியடித்ததும் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். மாலை நாலு மணிக்கு மேல் ஊரிலே கணிதம் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடுவது மழைக்காலத்திலே காய்ந்த விறகு தேடுவதை ஒக்கும். 1990 ஆகஸ்டில் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்கு மாறியபோது ஊரை விட்டுப் போனவர்களும், போக முடியாமல் காணாமற் போனவர்களும், பின்னாளில் கடல் கடந்து குடியேறியவர்களும் ஆக, படித்த குடும்பங்களின் வீடுகள் பல இன்று நாவல் மரத்துக்கும் பாம்புக்கும் உரியனவாய்க் கிடக்கின்றன. அவ்வீடுகளின் விறாந்தைகளில் இருந்து படிப்பித்திருக்க வேண்டியவர்கள் இப்போது ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வேறு பிள்ளைகளின் வீட்டுக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் இந்த ஊரில் அடிக்கல் நாட்டியாயிற்று. ஓட்டம் எண்ணுவதற்கு இனிமேல் ஆள் வருவார்கள். பின்னம் கூட்டுவதற்குத்தான் வழியைக் காணோம்.

இனி ஆகமம். 13ஆம் நூற்றாண்டிலே சீயகங்கன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி முனிவர் செய்த நன்னூலும், அதற்கு நம்மூர் ஆறுமுக நாவலர் எழுதிய காண்டிகையுரையும் இவ்விஷயத்திலே முழு நிறைவான சாஸ்திரங்கள். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்ற நான்கையும் உவமை சொன்ன முனிவர், ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு சொன்னார். அவற்றைப் படிக்குந்தோறும், இம்முனிவர் யாழ்ப்பாணத்து ரியூட்டரி ஒன்றின் பின்வாங்கிலே சில காலம் இருந்துவிட்டுத்தான் எழுதினாரோ என்ற ஐயம் எனக்கு உண்டாகிறது. கழற்குடம் என்பது, கழற்சிக்காயை நிரப்பிய குடம், போட்ட ஒழுங்கு ஒன்றும் கொட்டும் ஒழுங்கு ஒன்றுமாய் இருப்பது. பாடத்திட்டத்தின் ஏழாம் அலகை முதலில் தொடங்கி, இரண்டாம் அலகைப் பரீட்சைக்கு முதல்நாள் ‘விசேட வகுப்பு’ வைத்து முடிக்கும் மாஸ்டர் இவ்வகையினர். பருத்திக்குண்டிகை, பஞ்சு அடைத்த குடுக்கை, சிறிது சிறிதாகவே ஈவது; ‘மிச்சம் அடுத்த கிழமை’ என்ற சூத்திரத்தால் மாதச் சம்பளத்தை நீட்டிப்பவர் இவர். முடத்தெங்கு, ஒருவன் நீர் விட வேறொருவன் முற்றத்தில் காய் விழுத்துவது. ஊர்ப்பிள்ளைகளின் காசிலே வளர்ந்து, தம் சிறந்த குறிப்புகளை நகரத்துத் தனிவகுப்புக்கென்று ஒதுக்கி வைப்பவர். மடற்பனையைத் தீவகத்தாருக்கு விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். கருக்கு மட்டை வெட்டாத பனையில் யார் ஏறுவார்? தானாக விழுந்தால் ஒரு பழம் கிடைக்கும். ஏறிப் பறிக்கப் போனால் நெஞ்சு கிழியும். கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்த்து ‘இதுகூடத் தெரியாதே?’ என்று சபையறியக் கேட்கும் வாத்தியாரின் வகுப்பிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளின் முகத்திலே அந்தக் கீறலைக் காணலாம்.

மாணாக்கருக்கும் முனிவர் கணக்கு வைத்திருக்கிறார் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். செடிக்குச் செடி தாவி எதிலும் வயிறு நிரம்பாத ஆடு, ஒரே பாடத்துக்கு மூன்று ரியூட்டரி போகும் பிள்ளை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் நெய்யரி, சேர் சொன்ன பகிடிகளை மட்டும் ஒன்றுவிடாமல் வந்து ஒப்பிக்கும் பிள்ளை. தலைமாணாக்கருக்கு உவமையான அன்னமும் பசுவும் எல்லா ஊரிலும் சிலவே. முனிவரின் காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும்; இல்லாவிட்டால் இத்தனை விலங்குகளைத் தேடியிருக்க மாட்டார்.

பிரத்தியட்சப் பிரமாணம் சுவரிலே ஒட்டப்பட்டிருக்கிறது. பண்ணை தாண்டி நகரத்துக்குள் நுழைந்தவுடன், மதில்களிலே கோட்டும் கழுத்துப்பட்டியும் தரித்த மாஸ்டர்மார், பட்டங்கள் பக்கத்தில் பளபளக்க, நம்மை நோக்கிப் புன்னகை செய்வார்கள். இவர்களின் கீழ் ‘எமது மாணவர்’ என்று மூன்று ஏ எடுத்த பிள்ளையின் படமும் உண்டு. அனுமானம் தொடங்குவதும் இங்கேதான்; புகை இருக்குமிடத்தில் நெருப்பு இருத்தலின், மூன்று ஏ இருக்குமிடத்தில் நல்ல மாஸ்டர் இருப்பார் என்று தாய்மார் ஊகிக்கிறார்கள். ஆனால் அதே பிள்ளையின் அதே படம் அடுத்த மதிலில் வேறொரு மாஸ்டரின் கீழும், அதற்கடுத்ததில் மூன்றாமவரின் கீழும் காணப்படும்போது, ஒரு காரியத்துக்கு மூன்று நிமித்த காரணங்கள் உண்டாகித் தருக்க சாஸ்திரம் தலைகுனிகிறது. உண்மையில் அந்தப் பிள்ளை எங்கே விட்டிருந்தாலும் மூன்று ஏ எடுத்திருக்கும். மூன்று சி எடுக்கவிருந்த ஒரு பிள்ளையை மூன்று பி எடுக்கச் செய்த மாஸ்டரின் படம் எந்த மதிலிலும் ஒட்டப்படுவதில்லை. நாம் தேடுகிறவர் அவர்தாம்.

வழியிற் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இதை விட்ட ஆராய்ச்சி தீவக ஆராய்ச்சியாகாது. மண்டைதீவுப் பிள்ளை சைக்கிளில் நகரத்து வகுப்புக்குப் போவது ஏறக்குறைய வடகிழக்காக. சோளகம் வீசும் மாதங்களிலே காற்று முதுகில் தள்ளப் பிள்ளை மிதியாமலே ரியூட்டரி வாசலில் இறங்கும். இருட்டின பிறகு திரும்புகையிலோ, தாம்போதியின் இருபுறமும் தண்ணீர் அடிக்க, மூஞ்சியில் உப்புக்காற்றைத் தாங்கி, எழுந்து நின்று மிதித்து வரவேண்டும். வாடைக்காலத்தில் இது மாறும்; வகுப்புக்குப் போகுமுன்னே களைப்பு, வீட்டுக்கு வர இலகு. கொரோனாவுக்கு முன் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டிலும் சாதாரண தரம் டிசெம்பரிலும் வைக்கப்பட்டதால், பெரிய பிள்ளைகளைச் சோளகம் பரீட்சைக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று என்றும், சின்னவர்களை வாடை தடுத்துப் பார்த்தது என்றும் ஒரு சித்தாந்தம் கட்டலாம். நாட்காட்டி குழம்பியபின் அந்தச் சித்தாந்தத்தை நான் வற்புறுத்துவதில்லை. சூம் வகுப்பு வந்து காற்றின் தொல்லை தீர்ந்தது உண்மையே. கமராவை மூடிவிட்டு நித்திரை கொள்ளும் வசதியும் கூடவே வந்தது.

மூன்று பிரமாணமும் கைவிட்ட இடத்தில் நான் கண்டுகொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பிள்ளை எத்தனை முறை ‘விளங்கேல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுகிறதோ, அத்தனைக்கத்தனை அந்த வாத்தியார் உத்தமர். ஒலிபெருக்கி வைத்து நடத்தும் நகரத்து மண்டபத்தில் இந்த எண் பூச்சியமாகும். நூறு பேருக்கு நடுவே அதைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு நாக்கு எழும்? வீட்டுக்கு வந்த பின் நடக்கும் தாய் பிள்ளை சம்பாஷணை அங்கேயே முடிந்துவிடும்: ‘சேர் நல்லாப் படிப்பிக்கிறாரோ?’ ‘ஓம்.’ ‘இண்டைக்கு என்ன படிப்பிச்சவர்?’ ‘நோட்ஸ் தந்தவர்.’ இந்த ‘ஓம்’ பற்றி நம் தாய்மார் கொஞ்சம் சந்தேகப்பட்டால் நல்லது.

இந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கண்ட உத்தமர், உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெட்டை. விறாந்தையில் ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதன்மேல் யாரும் இருப்பதில்லை, இருவரும் பாயிலேதான். மூன்றிலொன்றையும் நாலிலொன்றையும் கூட்டச் சொன்னதற்குப் பிள்ளை ஏழிலிரண்டு என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள். இவள், ‘இந்த ஏழு எங்கையிருந்து வந்தது?’ என்று கேட்டாள், உண்மையிலேயே அறிய விரும்புகிறவள் போல.

‘மூண்டும் நாலும் ஏழு அக்கா.’

‘சரி. இந்தச் சதுரக் கொப்பியிலை பன்ரண்டு பெட்டி கீறு. அதிலை மூண்டிலொண்டு எத்தினை பெட்டி?’

‘நாலு.’

‘நாலிலொண்டு?’

‘மூண்டு.’ பிறகு பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம். ‘அக்கா, ஏழுதான் வருது! ஆனா மேலை வருது!’

ஏழு பிழையான எண்ணன்று, பிழையான மாடியில் குடியிருந்த எண் என்று அந்தப் பிள்ளை அன்று தெரிந்துகொண்டது. பிள்ளையின் பிழைக்குள்ளே புகுந்து அதிலே சரியாயிருக்கும் பங்கைத் தேடியெடுக்கும் இந்தப் பொறுமை எந்த மதிலின் பட்டியலிலும் அச்சிடப்பட்டதில்லை. அந்த மணித்தியாலத்துக்குள் ‘விளங்கேல்லை’ அடிக்கடி கேட்டது. ஒருமுறை அந்தப் பெட்டையே, ‘பொறு, எனக்கும் இது சரியா விளங்கேல்லை, பாப்பம்’ என்றாள். அக்கணமே என் ஆராய்ச்சி முற்றுப்பெற்றது எனலாம்.

சம்பளம் பற்றிய சிக்கல் மட்டும் மிஞ்சியிருந்தது. நூல் சொல்லத் தகுந்த மாணாக்கரை எண்ணுமிடத்து, மகன், ஆசான் மகன், அரசன் மகன் என்போருக்குப் பின் நாலாவதாகப் பொருள் மிகக் கொடுப்பவனை வைத்த முனிவர், சொன்னதைக் கிரகிப்பவனை ஆறாவதாகவே வைத்தார். ஆகவே ரியூசன் பீஸ் சாஸ்திர சம்மதமே. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதே நூலிலே, ஆசிரியன் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்கு கல்வி, கூடப்படிப்பவரோடு பழகுவதால் இன்னொரு கால், மற்றவருக்குத் தான் எடுத்துச் சொல்லும்போதே மிச்ச அரை என்று ஒரு விகிதம் காணப்படுகிறது. இதன்படி பார்த்தால் விறாந்தையிலே பிள்ளைக்குச் சேர்ந்தது கால். பெட்டைக்குச் சேர்ந்தது அரை. இரட்டிப்பு லாபம் பெற்றவள் பாதி பெற்றவளிடம் மாதச் சம்பளம் வாங்குவது எந்த நீதி என்று தாய்மார் கேட்கலாம். நல்லவேளையாக மண்டைதீவிலே நன்னூலை அவ்வளவு கூர்ந்து படிப்பவர்கள் இல்லை. காசோடு சில நாட்களில் கடலேரி நண்டும் ஒரு கூறு மீனும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகின்றன.

இத்தகைய வாத்தியாருக்கு ஒரே ஒரு தோஷம் உண்டு, அவர் நிலைக்கமாட்டார். இசட் புள்ளி நன்றாய் வந்தால் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போய்விடுவாள். அவளுக்காகத் திருவெண்காட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் தாய்மார், அவள் நல்லாய் வரவேண்டும் என்று மனதார நேர்ந்துகொண்டாலும், கடிதம் பிள்ளையின் தவணைப் பரீட்சை முடிந்தபின் வந்தால் போதும் என்ற சிறு திருத்தத்தையும் சேர்த்துக்கொள்வதாக அறிகிறேன். இதற்குள் அடுத்தமுறை உயர்தரம் எழுதவிருக்கும் பெட்டைகள் யார் யார் என்ற விசாரணை கோயில் வீதியிலே தொடங்கிவிட்டது. கணிதத்தில் எத்தனை புள்ளி என்று இப்போது ஒருவரும் முதலிற் கேட்பதில்லை. வீட்டிலே தம்பிக்குப் பாடம் சொல்லும்போது குட்டுவாளோ என்றுதான் கேட்கிறார்கள். ஆராய்ச்சி முறை என்ற வகையில் இது எனக்கு முழுச் சம்மதம்.