மடியில் கனம்

நேற்றுக் காலை ஸ்கூடாயில் பசியாறப் போன இடத்தில் என் ரொட்டி சானாய் ஆறிப் போனதற்குக் காரணம் கிளாக் 19. மச்சான் "15 தோட்டா, அடக்கமா இருக்கும்" என்கிறார். அவர் மகன் "சிக் பி365தான் மறைக்கத் தோது, அப்பா" என்கிறான். இருவரும் இதுவரை சுட்டது தீபாவளி முறுக்கு மட்டுமே. அதுவும் அக்கா பிழிந்து கொடுத்து. சிரிக்காதீர்கள். நீங்களும் பேசியிருப்பீர்கள்.

இரண்டில் எது நல்லது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் ஒரு சின்ன விஷயம்: எங்கே செருகுவது?

ஜொகூர் வெயிலில் நமக்கு டீ சட்டையும் அரைக்கால் சிலுவாரும்தான். இடுப்பின் முன்பக்கத்தைத் தொந்திக்கு எழுதிக் கொடுத்து வருஷமாகிறது. பின்பக்கம் செருகி மைவியில் உட்கார்ந்தால் வெடிக்கப் போவது துப்பாக்கியா நானா தெரியாது. கணுக்காலில் கட்டலாமாம். செருப்பையே கால்விரலால் துழாவித் தேடுகிறவன் நான். திருடனிடம்தான் "தம்பி, கொஞ்சம் எடுத்துக் கொடுப்பா" என்று கேட்க வேண்டும். கைலியா? அது என் இடுப்பில் நிற்பதே நம்பிக்கையில். தோட்டா போட்ட கிளாக் முக்கால் கிலோவுக்கு மேல். மறைத்து வைக்கும் கலை தெரிந்தவள் என் பாட்டி ஒருத்திதான். தோட்டத்துச் சம்பளம், வெற்றிலை, பாக்குவெட்டி எல்லாம் ஒரே சுருக்குப் பையில். அதில் கைவிடத் தாத்தாவுக்கே துணிச்சல் கிடையாது.

லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறதே என்றேன். 1960 ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் மனம் வைக்க வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால், 1971 சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. அதற்கப்புறம் பின்பக்கம் செருகும் பேச்சே எழாது. இந்தப் பையனோ தினமும் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். பையில் சூயிங்கம் இருந்தாலே உட்லண்ட்ஸில் வேர்த்துக் கொட்டும் அவனுக்கு.

போன மாதம் அக்காவின் தாலிச் சங்கிலியை ஒருவன் மோட்டாரில் வந்து அறுத்துக்கொண்டு போனான். கழுத்தில் இன்னும் கோடு இருக்கிறது. இப்போது மஞ்சள் கயிறு. மச்சான் பக்கத்தில்தான் நின்றார், இரண்டு கையிலும் சந்தைப் பை. எந்தத் துப்பாக்கியை எந்தக் கையால் எடுத்திருப்பார்? கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்தக் கிளாக் பேச்சு.

சரி, எது நல்லது என்றால்... அதற்குள் பில் வந்துவிட்டது. மச்சான் பின்பாக்கெட்டில் கைவிட்டு பர்சை உருவ ஆரம்பித்தார். உருவினார், உருவினார், உருவிக்கொண்டே இருந்தார். 23 ரிங்கிட்டை நான் கட்டினேன்.